பூட்டுச் சங்கத்துக்குப் பதினைந்து பேர்

திங்கட்கிழமை காலை ஆறு பதினேழுக்கு டைம்கீப்பர் ஒரு சபதம் எடுத்தார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் தன் சங்கத்துக்குப் பதினைந்து உறுப்பினர்களைச் சேர்த்துக் காட்டுவது. இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுவது.

"மீசைய எடுத்தா யாருக்கு என்னங்க நஷ்டம்?" என்றாள் மனைவி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

"சபதம்னா அப்படித்தான். எதையாவது பணயம் வைக்கணும்."

"அப்போ அந்தப் பூட்டையெல்லாம் வைங்களேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் உண்மையில் பணயத்தில் இருந்தது பூட்டுகள்தான்.

பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருஷம் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிய மனிதர் அவர். ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மணி சொல்லும் பழக்கமும் விடவில்லை. பிறந்த மகளைத் தூக்கி வந்து காட்டியபோதே "மூணு நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாராம். கெட்டவர் இல்லை. கடவுள் அவருக்குப் பொன்னான மனசைக் கொடுத்திருந்தார். அதோடு பழைய பூட்டு சேர்க்கும் ஆசையையும் கொடுத்துவிட்டார், அதுதான் வம்பு.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பூட்டு. பித்தளை, இரும்பு, உள்ளங்கை அகலத்தில் சில, நகக்கண் அளவில் சில. பாதிக்குச் சாவி கிடையாது.

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ரகசியம் இருக்கும்மா" என்பார்.

"ரகசியத்துக்குத் தூசி தட்டுறது நான்தானே" என்பாள் அவள். "பூட்டு இருநூறு இருக்குற வீட்டுல திருட ஒண்ணுமே இல்லைங்கிறது வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

ஒருநாள் சமையலறை அலமாரி பூட்டின் பாரம் தாங்காமல் இடிந்து அடுப்பின் மேல் விழுந்தது. அன்றைக்கே பூட்டுகள் நான்கு டிரங்குப் பெட்டிகளில் ஏறி, தெருக்கோடி நூலகத்தின் மாடி அறைக்குக் குடிபெயர்ந்தன. அங்கே உதயமானதுதான் பழம்பூட்டு ஆர்வலர் சங்கம். தலைவர் இவர். செயலாளர், முனை சலூன்காரர். இருபது வருஷமாக இவருக்கு முடிவெட்டியவர், முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சேர்ந்தவர். மூன்றாவது உறுப்பினர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் சேர்ந்தது அந்த அறையின் மின்விசிறிக்காக. சனிக்கிழமை தோறும் நாலு மணிக்கு வந்து, நாலு ஐந்துக்குத் தூங்கி, ஐந்தரைக்கு எழுந்து, "நல்ல கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்போது நூலகர் அம்மா ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். மாடி அறையைப் பயன்படுத்தும் எந்தச் சங்கத்துக்கும் குறைந்தது பதினைந்து உறுப்பினர்கள் வேண்டுமாம். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வந்து எண்ணுவாராம். எண்ணிக்கை தேறாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளோடு.

"அப்போ நாலு பெட்டியும் இங்க வந்துடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"வேற எங்க போகும்?"

"பழைய இரும்பு எடுக்குறவர் நம்ம தெருவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வர்றாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சாமி கும்பிடப் போய்விட்டாள்.

கத்துகிற மனைவியாக இருந்தால் சமாளித்துவிடலாம். இவள் கத்தியதே இல்லை. 

---

வழி பிறந்தது சலூனில். கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் ஒரு அதிசயம் கண்டார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கண்ணாடியோரம் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் போனை நீட்டினார்கள்.

"என்னப்பா இது, தீபாராதனை மாதிரி காட்டிட்டுப் போறாங்க?"

"கியூஆர் கோடு அண்ணே. காசு கட்ட வெச்சேன். ஆனா ஒண்ணு, கட்டத்தப் பார்த்தாப் போதும், கை தானா போன எடுத்துடுது. போன வாரம் ஒருத்தர் சோப்பு டப்பாவுல இருந்த கட்டத்தக்கூட ஸ்கேன் பண்ணிட்டு, 'காசு போகலையே'ன்னு நிக்கிறாரு."

டைம்கீப்பர் பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணே, ஒரு பக்கம்தான் ஆகியிருக்கு!"

"இன்னொரு பக்கம் அப்புறம். எனக்கு ஐடியா வந்துடுச்சு. மணி பத்து நாற்பது. குறிச்சுக்க."

ஐடியா இதுதான். இதுவரை நேரில் நாற்பது பேரிடம் கேட்டிருக்கிறார். "பழைய பூட்டு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாற்பது பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. ஆகவே பூட்டு என்ற வார்த்தையே வெளியில் தெரியக்கூடாது. ஒரு ஸ்டிக்கர். அதில் ஒரு கட்டம். மேலே ஒரே வரி: 'இதை ஸ்கேன் செய்யாதீர்கள்.' செய்யாதே என்றால் செய்யாத மனிதப் பிறவி உலகத்தில் உண்டா? உள்ளே நுழைந்த பிறகுதான் சங்கத்தின் பெயரே தெரியும். வந்தவன் வந்தவன்தான்.

சிக்கல் என்னவென்றால், அவரிடம் இருந்தது பட்டன் போன். ஸ்மார்ட் போன் மூளையை உறிஞ்சிவிடும் என்று மூன்று வருஷமாக வீட்டில் பிரசங்கம் செய்து வந்தவர். மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் போன் இருந்தது மனைவியிடம்.

அன்று மதியம் அவர் மனைவிக்குத் தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் டம்ளரையும் பார்த்தாள், ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையையும் பார்த்தாள்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. உன் போன்ல ஒரு படிவம் மாதிரி..."

"எந்தப் போன்? மூளைய உறிஞ்சுமே, அந்தப் போனா?"

"எல்லார் மூளையையும் உறிஞ்சாதும்மா."

"ஆமா. இருந்தாத்தானே."

சொன்னாளே தவிர, மறுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, காதில் போனை இடுக்கிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஒரு படிவம் செய்தாள். பெயர், போன் எண், 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. மேலே கணவர் சொன்னபடியே சங்கத்தின் பெயர். பிறகு அதற்கொரு கட்டம் வந்தது.

"இனிமே ஏதாவது மாத்தணும்னா புதுசா கட்டம் போடணுமாடி?" என்று மகளிடம் கேட்டாள்.

"வேண்டாம்மா. கட்டம் வாசல் மாதிரி. வாசல் அங்கேயேதான் இருக்கும். உள்ள இருக்குற சாமான நீ எப்ப வேணா மாத்திக்கலாம்."

"ஓ" என்றாள் அவள். டைம்கீப்பருக்கு அந்த 'ஓ' காதில் விழவில்லை. எந்தெந்தச் சுவரில் ஒட்டலாம் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

---

அச்சகத்தில் நூறு ஸ்டிக்கர் அடித்து வாங்கினார். செவ்வாய் காலை ஐந்து நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டு, பஸ் நிறுத்தம், சலவைக் கடை, பல் டாக்டர் வாசல், பள்ளிக்கூட மதில், நாலு அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் என்று சுற்றி ஒட்டினார்.

மாலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "எத்தனை?" என்றார்.

"ஏழு."

"ஒரே நாள்ல ஏழா! படி, படி. ஏன் சேர விரும்புறாங்களாம்?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "'பீரோ சாவி தொலைஞ்சிடுச்சு, உடனே வரவும்.' இது ஒண்ணு. 'மாமியார் ரூம் பூட்டு மாட்டிக்கிச்சு, மெதுவா வந்தாப் போதும்.' இது ரெண்டு. 'கார் கதவு திறப்பீங்களா?' மூணு..."

"நாங்க பூட்டு சேர்க்கிறவங்கம்மா, திறக்கிறவங்க இல்ல!"

"அத நான் சொன்னேங்க. 'திறக்கத் தெரியாம எதுக்கு ஒரு சங்கம்'னு கேக்குறாங்க."

புதன்கிழமை பதினொரு பேர் எழுதினார்கள். ஒன்பது பேருக்குப் பூட்டு திறக்க வேண்டும். ஒருவர் வீட்டுக்கு எந்தப் பூட்டு நல்லது என்று யோசனை கேட்டார். கடைசி ஆள், 'ஸ்கேன் செய்யாதீர்கள் என்று எழுதியது சரிதான்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

டைம்கீப்பர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பெரிய பித்தளைப் பூட்டு அவர் கண்முன்னால் வந்தது. கல்யாணமான வருஷம் வாங்கியது. இரும்புக்காரரின் தராசுத் தட்டில் அது டங்கென்று விழும் சத்தமும் கேட்டது.

 அவளுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

"நான் வேணா உள்ள கொஞ்சம் மாத்தி எழுதிப் பார்க்கட்டுமா?"

"என்னத்த எழுதுவ?"

"வர்ற மாதிரி எழுதுறேன்."

"எழுதும்மா. என்ன வேணா எழுது. பதினஞ்சு தலை வந்து உக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"வேற ஒண்ணும் வேண்டாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"வேண்டாம்னா வேண்டாம்!"

அன்று விளக்கேற்றிய பிறகு அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றாள். கடவுளே, பதினைந்து பேரைக் கொடு என்றுதான் வேண்டிக்கொண்டாள். எதற்கு என்று கடவுளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

---

வியாழன் காலை ஆறு பேர். மதியம் பதின்மூன்று. இரவுச் சாப்பாட்டுக்குள் பதினெட்டு.

"பதினெட்டா! அப்படி என்னம்மா எழுதின?"

"மனசுல பட்டத எழுதினேன்."

"ஒருத்தருக்காவது பீரோ திறக்கணுமா?"

"இல்லைங்க. எல்லாரும் உண்மையாவே வரணும்னு எழுதியிருக்காங்க. ரெண்டு பேர் அழுதிருக்காங்க."

பூட்டைப் பற்றிப் படித்து அழும் ஜனம்! இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது? டைம்கீப்பர் உடனே பேனாவை எடுத்தார். பதினான்கு பக்கத்தில் ஒரு தலைமையுரை எழுதத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் அவரே கண்கலங்கினார்.

அவளோ நடுநடுவே வந்து ஏதாவது கேட்டபடி இருந்தாள்.

"அந்த ரூம்ல மேசையெல்லாம் ஆடாம நிக்குமாங்க?"

"கல்லு மாதிரி நிக்கும்."

"லைட்டு மேசைக்கு நேர் மேல இருக்கா, ஓரமா இருக்கா?"

"நேர் மேல. எதுக்கு?"

"வர்றவங்களுக்கு எல்லாம் தெளிவாத் தெரியணும்ல."

என்ன பொறுப்பு! இந்தப் பெண்ணைப் போய்ப் பூட்டின் எதிரி என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இன்னும் ஐம்பது ஸ்டிக்கர் அடித்தார்.

"போதுங்க. ஆள் சேர்ந்தாச்சு. ரொம்ப வேண்டாம்" என்று அவள் தடுத்தும் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாது. கூட்டம்னா நிக்க இடமில்லாம இருக்கணும்!" என்று, சனிக்கிழமை காலையில்கூடப் பஸ் நிறுத்தத்தில் மிச்சமிருந்த பத்தையும் ஒட்டிவிட்டு வந்தார்.

அன்று மதியம் அவள் படுக்கையறை அலமாரி மேலிருந்து, பழைய போர்வை சுற்றிய ஒரு பெரிய சதுரப் பலகையை இறக்கச் சொன்னாள்.

"இதையும் நூலகத்துல கொண்டு போய் வெச்சிடுங்க. மேசை மேல போட்டுக்கலாம்."

"பூட்டையெல்லாம் பரப்பி வைக்கவா? அருமையான யோசனை!"

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பலகை அலமாரி மேலேதான் கிடந்தது. போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. சைக்கிளின் பின்னால் கட்டி, தானே மிதித்துக் கொண்டுபோய், தானே மாடியேற்றி வைத்துவிட்டு, உரையை மனப்பாடம் செய்ய வீட்டுக்குத் திரும்பினார். அவர் உள்ளே வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயும் வர்றியா?"

"முன்னாடி போய் நாற்காலி எல்லாம் எடுத்துப் போடுறேன். நீங்க நாலு மணிக்கு வாங்க. தலைவர்னா கடைசியாத்தான் வரணும்."

---

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அவர் படியில் கால் வைத்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு. கையில் பதினான்கு பக்கம். மேலேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. நடுநடுவே 'டொக்', 'டொக்' என்று ஒரு சத்தம்.

பூட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆர்வம்!

கதவைத் திறந்தார்.

ஆறு மேசை. ஆறு கேரம் போர்டு. மேசைக்கு நாலு பேர். பல் டாக்டரின் உதவியாளர், சலவைக் கடைக்காரர், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்கள், லிஃப்ட் காவலாளி. எல்லார் விரலிலும் பவுடர். நடு மேசையில், போர்வை களைந்த பழைய போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. ஒரு கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்து, விரலால் ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு. மூலையில் ஒளிந்திருந்த சிவப்புக் காய் பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்து குழிக்குள் விழுந்தது. அடுத்த சுண்டில், சிவப்பை உறுதியாக்கும் ஃபாலோ காயும் விழுந்தது.

எதிரில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தவர், தலை எண்ண முன்னதாகவே வந்துவிட்ட நூலகர் அம்மா.

"வாங்க ஐயா" என்றார் அவர், திரும்பாமலே. "உங்க வீட்டுல இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா பூட்டைக் காட்டிக்கிட்டு இருந்தீங்களே!"

"என் சங்கம் எங்கே?" டைம்கீப்பரின் குரல் கீச்சென்று வந்தது.

"இங்கதான் இருக்கோம் அண்ணே" என்று ஓரத்து மேசையிலிருந்து எழுந்தார் சலூன்காரர். மூக்கு நுனியெல்லாம் பவுடர்.

"நீயுமா?"

"வியாழக்கிழமை கட்டத்த ஸ்கேன் பண்ணேண்ணே, சும்மா நம்ம சங்கம்தானேன்னு. படிச்சேன். தாங்க முடியல. சேர்ந்துட்டேன்."

வக்கீல் குமாஸ்தா மின்விசிறிக்கு நேர் கீழே கேரம் போர்டோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் உறுப்பினர்தானாம். அவர் முறை வந்தால் எழுப்புவார்களாம்.

சலூன்காரர் போனை நீட்டினார். டைம்கீப்பர் படித்தார். அவருடைய கட்டத்துக்குள், அவர் ஊரெல்லாம் அலைந்து ஒட்டிய அந்தக் கட்டத்துக்குள், இப்படி இருந்தது:

'வீட்டில் உங்களோடு விளையாட யாருக்கும் நேரமில்லையா? எனக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் ஆபீஸில் மூன்று வருஷம் கேரம் கோப்பை வாங்கினேன். புகுந்த வீட்டுக்குப் போர்டையும் கொண்டுவந்தேன். இன்னொரு நாள் ஆடலாம் என்றார்கள். முப்பது வருஷமாக அந்த இன்னொரு நாள் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலக மாடிக்கு வாருங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் போர்டு இருந்தால் எடுத்து வாருங்கள்.'

அவர் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தார். இன்னொரு நாள் என்றது யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"கட்டம் என்னுதும்மா" என்றார், பாதிக் குரலில்.

"உங்களுதுதாங்க. நான் இல்லேன்னு சொல்லவே இல்ல. உள்ள இருக்குற சாமான்தான் என்னுது. என்ன வேணா எழுதுன்னு சொன்னீங்களே. வேற ஒண்ணும் வேண்டாமான்னுகூடக் கேட்டேனே."

"அப்போ என் பூட்டு? இரும்புக்காரர்?"

"அவர்கிட்ட நான் பேசவே இல்லைங்க. சனிக்கிழமை சாயங்காலம் வருவாருன்னுதானே சொன்னேன்? வராருங்கிறது உண்மைதானே?" ஸ்ட்ரைக்கரை அவள் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "பெட்டி நாலும் அந்த மூலையில பத்திரமா இருக்கு. ரூம் போகாது. பூட்டுங்க இங்கயே இருக்கட்டும், பாவம்."

டைம்கீப்பர் ஒரு பெருமூச்சு விட்டார். பூட்டுகள் பிழைத்தன. மனுஷன் அசடுதான், ஆனால் நெஞ்சில் ஈரம் உண்டு. பதினான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"சரி. தப்பு என் பேர்லதான். முப்பது வருஷம் லேட்டு. ஆனா வண்டி வந்தாச்சு. நகருங்கம்மா, நான் உக்காருறேன். அவளோட ஒரு ஆட்டம் ஆடுறேன்."

 மனைவியின் முகம் மலர்ந்தது, பிறகு என்னமோ போல் ஆனது. அவள் நூலகர் அம்மாவைப் பார்த்தாள். நூலகர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவேட்டை எடுத்தார்.

"ஐயா, இந்த ரூமுக்கு இருபத்து நாலு பேர்தான் அனுமதி. இருபத்து நாலும் நிறைஞ்சாச்சு. காத்திருப்போர் பட்டியல் போட்டிருக்கோம். உங்க பேரை எழுதிக்கலாம்."

"பட்டியல்ல நான்தானே முதல்?"

"ஒன்பதாவது."

"எனக்கு முன்னாடி எட்டு பேரா? யாரந்த எட்டு பேர்?"

மனைவி அடுத்த காய்க்குக் குறிபார்த்தபடியே, கொஞ்சமும் கோபமில்லாத குரலில் சொன்னாள்:

"இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல ஒட்டிட்டு வந்தீங்களே, அதப் பார்த்துச் சேர்ந்தவங்க."